பழைய வண்டியைக் கொல்லும் கடைசிப் பத்துக் கிலோமீட்டர்

பயணத்தின் நடுவே பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜின் ‘திடீரென்று’ போய்விட்டது என்று யாராவது சொன்னால், நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: வண்டி நிற்பதற்கு முந்தைய பத்துக் கிலோமீட்டரில் என்ன மாறியது? ‘ஒன்றுமில்லை, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது’ என்றுதான் பதில் தொடங்கும். சற்றுப் பொறுத்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். மேட்டில் வழக்கமான கியரில் இழுக்கவில்லை. டேங்குக்கு அடியில் புதிதாக ஒரு சத்தம் வந்தது. டாப்பெட்டாக இருக்கும் என்று விட்டாயிற்று. ஆக்ஸிலரேட்டரை மூடிய பிறகும் ஐடிலிங் இறங்கவில்லை. எல்லாவற்றுக்கும் ‘அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே முடிவாக இருந்திருக்கும். பழைய வண்டிகளோடு பழகியதில் நான் வந்து சேர்ந்திருக்கும் கருத்து இதுதான்: இன்ஜினுக்குக் கோளாறு வருவது ஓரிடத்தில், வண்டி நம் கையைவிட்டுப் போவது வேறோரிடத்தில். முதல் அறிகுறி தெரிந்த இடத்திலேயே நிறுத்தியிருந்தால் பெரும்பாலான வண்டிகள் ஒரு பிஸ்டன் செலவோடு தப்பியிருக்கும். அதற்குப் பிறகு ஓட்டிய தூரம்தான் அவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகிறது. ஆகவே, பழைய வண்டியில் நெடும்பயணம் போகிறவர் ஸ்பேனர் பிடிக்கக் கற்பதற்கு முன்பே, நேரத்தோடு நிறுத்தக் கற்க வேண்டும்.

இதை ஏற்க, இன்ஜினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் பிஸ்டன் அலுமினியக் கலவை. அது ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே விடப்படும் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குதான். சூடு அளவை மீறினால் பிஸ்டன் விரிந்து அந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது. நடுவே இருந்த ஆயில் படலம் கிழிகிறது. உலோகம் உலோகத்தோடு உரசுகிறது, அந்த உரசலே மேலும் சூட்டைக் கிளப்புகிறது, அதனால் பிஸ்டன் மேலும் விரிகிறது. தொடக்கத்தில் ஓட்டுபவருக்கு இது பின் பிரேக்கை யாரோ லேசாக மிதித்ததுபோல ஓர் இறுக்கமாக மட்டுமே தெரியும். அந்த நொடியில் கிளட்ச்சைப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை மூடினால் பிஸ்டனில் சில கீறல்களோடு கதை முடிந்துவிடும். ‘இழுக்கவில்லையே’ என்று ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்கினால் அலுமினியம் இளகிச் சிலிண்டர் சுவரில் அப்பிக்கொள்ளும், ரிங் அதன் பள்ளத்திலேயே சிறைப்படும், கடைசியில் பிஸ்டன் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும். ஓடும் வேகத்தில் அது நடந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளையும் கீழே தள்ளிவிடும். டூ-ஸ்ட்ரோக் ஓட்டுபவர்கள் இரண்டு விரலைக் கிளட்ச்மேல் வைத்தபடியே ஓட்டுவது பழக்கதோஷம் அல்ல. அதற்கு இதுதான் காரணம்.

இழப்பிலும் படிகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால்தான் நிறுத்துவதன் மதிப்பு புரியும். லேசாகப் பிடித்து விட்ட இன்ஜினில் சிலிண்டரை ஹோனிங் போட்டுச் சுத்தம் செய்து, ரிங்கோ பிஸ்டனோ மாற்றினால் போதும். ஆழமாகக் கோடு விழுந்தால் லேத் பட்டறையில் போர் அடிக்க வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1 மில்லிமீட்டர் என்ற படிகளில் கிடைக்கின்றன. ஒவ்வொரு முறை போர் அடிக்கும்போதும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு படி தீர்கிறது. கடைசிப் படியும் முடிந்தால் புதிதாக லைனர் இறக்க வேண்டும். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடின் பேரிங் போயிருந்தால் இன்ஜினை முழுவதும் பிரித்து, கிராங்க்கை வெளியே எடுத்து, கிராங்க் பின்னும் ராடும் மாற்றிச் சமன் பார்க்க வேண்டும். இதுவரை எல்லாம் பணத்தாலும் நல்ல மெக்கானிக்காலும் சரியாகக்கூடியவை. ராடு உடைந்து கிராங்க் கேஸைக் குத்திக் கிழித்துவிட்டால் விஷயமே வேறு. இன்ஜின் நம்பர் பொறிக்கப்பட்டிருப்பது அந்தக் கேஸில்தான், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் அதே நம்பர்தான். வேறு கேஸ் போட்டால் அது பட்டறையோடு முடிகிற வேலை இல்லை, ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை போய் முறைப்படி பதிய வேண்டும். சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நம்பர் பொருந்தாத வண்டி அந்தச் சோதனையில் நின்றுவிடும். யமஹா ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-இல் நின்றது. யெஸ்டி செய்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையும் அதே ஆண்டில் மூடியது. இவற்றில் மிக இளைய வண்டியும்கூட முப்பது வயதை ஒட்டிவிட்டது, எல்லாமே அந்தச் சோதனைக்குப் போக வேண்டியவை. கேஸ் உடைந்த வண்டியை உரிமையாளர் இழந்தேவிட்டார் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது அறிகுறிகளுக்கு வருகிறேன். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் தனியாகச் சுற்றி வருவதில்லை, பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போய் எரிந்து வெளியேறுகிறது. யெஸ்டி, ஜாவா வண்டிகளுக்கு டேங்கிலேயே கலந்து ஊற்ற வேண்டும். ஆர்.எக்ஸ். 100-இல் தனி ஆயில் டேங்கும், ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து இயங்கும் பம்பும் உண்டு. இந்த அமைப்பிலிருந்து பலர் யோசிக்காத ஒரு விளைவு வருகிறது: பெட்ரோல் போகாதபோது ஆயிலும் போகாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் 40 வளைவுகளையோ, கல்லட்டியின் 36 வளைவுகளையோ ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடி, தாழ்ந்த கியரில் இன்ஜினைப் பிரேக்காக்கி ஒரே மூச்சில் இறங்கினால் என்ன ஆகும்? இன்ஜின் வேகமாகச் சுழல்கிறது, ஆயிலோ மிகக் கொஞ்சமே கிடைக்கிறது. இறங்கும்போது வண்டி அழகாக வருகிறது என்றே தோன்றும். அடிவாரத்தில் சமவெளி கிடைத்தவுடன் ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறக்கும்போதுதான் பிஸ்டன் பிடிக்கும். ‘மலை இறங்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை’ என்று வண்டிக்காரர் வியப்பார். செய்ய வேண்டியது சிறிய வேலைதான். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிவிட வேண்டும். பாதி மலையில் ஒருமுறை நின்று பிரேக் டிரம்முக்கும் ஓய்வு தர வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக்கின் இன்னொரு எதிரி காய்ந்த ஆயில் சீல். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் கிராங்க் சீல் இறுகி உதடு தேய்ந்திருக்கும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கும். அது கண்ணுக்குத் தெரிவதால் பெரிய ஆபத்தில்லை. மேக்னட் பக்கச் சீல் போனால் வெளிக்காற்றை உறிஞ்சும். கலவையில் காற்று மிகும், பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் குறையும், பிஸ்டன் தலை சூடேறும். இதில் புகையே இருக்காது. சொல்லப்போனால் வண்டி முன்பைவிடக் கூர்மையாக ஓடுவதுபோலக்கூடத் தோன்றலாம். ஐடிலிங் தானாக ஏறுவதும், ஆக்ஸிலரேட்டரை விட்டபின் ஆர்.பி.எம். மெதுவாக இறங்குவதும்தான் இதன் அடையாளங்கள். ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி அந்த அடையாளத்தை அழித்துவிட்டுப் பயணத்தைத் தொடர்வது நான் அறிந்த தவறுகளிலேயே மோசமானது.

புல்லட்டின் கதை வேறு வகை. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த வார்ப்பிரும்பு இன்ஜின் 350 புல்லட்டில் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். ஆயில் இன்ஜின் வார்ப்புக்குள்ளேயே ஒரு தனி அறையில் இருக்கிறது. கிராங்க் முனையில் உள்ள வார்ம் கியரால் இரண்டு பம்புகள் ஓடுகின்றன: ஒன்று ஆயிலை அனுப்பும், மற்றொன்று திரும்ப இழுக்கும். அனுப்பும் ஆயில் டைமிங் கவரிலிருந்து விரல்நுனி அளவுள்ள ஒரு கார்க் சீல் வழியாகக் கிராங்க்குக்குள் நுழைந்து ராடின் பெரிய முனையை அடைகிறது. பழைய புல்லட்டுகளில் அந்த முனையில் உருளை பேரிங்குக்குப் பதிலாக மிதக்கும் புஷ் இருக்கும். அது வாழ்வது ஆயில் படலத்தின் தயவில். கார்க் நைந்தாலோ, பம்ப் தேய்ந்தாலோ முதலில் காய்வது இந்தப் புஷ்தான். ஆனால் ஆயில் அழுத்தம் குறைந்தது என்று சொல்ல இந்த வண்டியில் ஒரு விளக்குகூடக் கிடையாது; காதுதான் மீட்டர். மேலிருந்து வரும் மெல்லிய, வேகமான டிக்டிக் டாப்பெட். அதை ஊருக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம். கீழிருந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கனத்து வரும் ‘டொக் டொக்’ ராடு. அதைக் கேட்டபின் ஒரு பர்லாங்குகூட ஓட்டக் கூடாது. ராடு கேஸை உடைப்பதற்கு முன் வரும் கடைசிச் சத்தம் பல சமயம் அதுவாகவே இருக்கும்.

புல்லட்டின் ஆயில் அளவைப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல நாள் நின்ற வண்டியில் ஆயில் மெல்லக் கசிந்து அறையிலிருந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்போது டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயிலே இல்லாததுபோலக் காட்டும். மேலும் ஊற்றினால் மிகையாகிப் புகையும் கசிவும்தான் மிச்சம். சில நிமிடம் ஓடவிட்டு, திரும்பும் பம்ப் ஆயிலை அறைக்குக் கொண்டுவந்தபின் பார்ப்பதே சரியான அளவு. பம்ப் ஆயிலைத் திருப்பி இழுக்கிறதா என்று அறிய, இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். ஆயில் துளிர்த்து வர வேண்டும். பயணத்துக்கு முந்தைய நாள் செய்யும் ஐந்து நிமிட வேலை இது. பயணத்தில் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். ஊருக்குள் ஓடும்போது ஒரு சொட்டும் குடிக்காத இன்ஜின், நெடுஞ்சாலை வேகத்தில் குடிக்கத் தொடங்கலாம்.

நெடுஞ்சாலை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. இந்த இன்ஜின்கள் பழகிய சாலை வேறு. ஒற்றைச் சாலை நாட்களில் ஊர்கள், சந்தைகள், ரயில்வே கேட், எதிரே வரும் லாரி என எல்லாமாகச் சேர்ந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தைக் குறைக்க வைத்தன. ஓட்டுபவர் கேட்காமலே இன்ஜினுக்கு ஓய்வு கிடைத்தது. இன்று ஓசூரிலிருந்து சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியைத் தவிர நிற்கக் காரணமே இல்லை. 18 குதிரைத்திறன் கொண்ட 350 புல்லட்டும், 11 குதிரைத்திறன் கொண்ட ஆர்.எக்ஸ். 100-உம் புது வண்டிகளின் ஓட்டத்தோடு ஒட்டி 80, 90 என்று ஒரு மணி நேரம் போனால், அவை தங்கள் பலத்தின் பெரும்பகுதியை அந்த ஒரு மணி நேரமும் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. நகரத்தில் பத்தாண்டு குறையில்லாமல் ஓடிய வண்டி முதல் நெடும்பயணத்தில் விழுவதற்கு வயதைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. 60, 65 கிலோமீட்டர் வேகமும், சாலை கொடுக்காத ஓய்வை நாமே கொடுப்பதும்தான் வழி. மலை ஏற்றத்தில் நிலைமை இன்னும் கடுமை. சுமை அதிகம், வேகம் குறைவு, குளிர்விக்க வேண்டிய காற்றோ மிகக் குறைவு.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பெட்ரோல் பங்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. வெறும் பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய எடை அளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 பங்கு போதும். புது வண்டிகளின் சென்சார் இதை அறிந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டரின் ஜெட்டுக்கு அது தெரியாது; பழைய அளவிலேயே ஊற்றும். ஆக, காற்று மிகுந்த கலவையில் இன்ஜின் ஓடுகிறது. ஏற்கெனவே பெட்ரோல் சற்றுக் குறைவாக வரும்படி ட்யூன் செய்யப்பட்ட வண்டி இதில் இன்னும் சூடேறும். பயணத்துக்கு முன் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டி, பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். வெளிறிச் சாம்பல் வெள்ளையாக இருந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டுவதை மெக்கானிக்கோடு பேச வேண்டும். பழைய ரப்பர் பெட்ரோல் குழாயையும் மாற்றிவிடலாம். எத்தனாலில் ஊறிய குழாய் வீங்கிப் பெட்ரோல் வரத்தைக் குறைத்தால், அதுவும் இன்ஜினுக்குள் இதே சூட்டில்தான் போய் முடியும்.

‘எல்லாக் கோளாறும் சொல்லிக்கொண்டா வருகிறது?’ என்று கேட்பது நியாயம். வராதவையும் உண்டு. வால்வின் தலை முறிவது, பிஸ்டன் பின்னின் சர்க்ளிப் கழல்வது, ராடு விரிசல் விட்டு உடைவது ஆகியவை சத்தமில்லாமல் வளர்ந்து ஒரே நொடியில் முடிபவை. 4,000 ஆர்.பி.எம்.மில் ஒரு மணி நேரம் ஓடினால் கிராங்க் 2,40,000 முறை சுற்றுகிறது. முப்பது ஆண்டில் ஒரு ராடு எத்தனை கோடி இழுப்புகளையும் அழுத்தங்களையும் தாங்கியிருக்கும்! உலோகத்துக்கு இப்படித்தான் களைப்பு சேர்கிறது. எவ்வளவு கவனித்து ஓட்டினாலும் அது காதுக்குக் கேட்காது. இதை மறுக்கவில்லை. ஆனால் இதற்கும் பயணத்துக்கு முன்பே ஒரு பதில் இருக்கிறது. பழைய வண்டி வாங்கியவர் அதன் கடந்தகாலம் தெரியாதபோது, இன்ஜினை ஒருமுறை முழுதாகத் திறந்து, வால்வு, சர்க்ளிப், பேரிங், சீல் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டு, அன்றிலிருந்து கணக்கு எழுத வேண்டும். பிஸ்டன் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. உற்பத்தி நின்ற வண்டிகளுக்குப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் பிஸ்டன் எல்லாம் ஒரே கலவை அல்ல, எல்லாம் ஒரே அளவில் விரிவதும் இல்லை. கம்பெனி மேனுவலில் உள்ள இடைவெளி கம்பெனி பிஸ்டனுக்கானது. எந்தப் பிஸ்டன் என்று லேத்காரரிடம் சொல்லி, அதற்கேற்ற இடைவெளி வைக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம்: பழைய வண்டி என்றாலே சத்தம்தான், ஒவ்வொரு சத்தத்துக்கும் நின்றால் ஊர் போய்ச் சேர முடியுமா? சத்தம் இருப்பது அறிகுறி என்று நான் சொல்லவில்லை. சத்தம் மாறுவதே அறிகுறி. தன் வண்டியின் வழக்கமான சத்தத்தையும், எந்த மேட்டை எந்தக் கியரில் ஏறும் என்பதையும், எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குடிக்கும் என்பதையும் அறிந்தவருக்கு மாற்றம் தனியாகத் தெரியும். நேற்று வாங்கிய பழைய வண்டியை இன்று நெடும்பயணத்துக்கு எடுப்பவருக்கு அந்த அறிவு இல்லை. அவர் எடுக்கக் கூடாது என்பதே என் பதில். காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டபடி ஓட்டுபவருக்கும் இதுவே பொருந்தும்.

மூன்றாவது, கொஞ்சம் கனமானது: இரவில், ஆளில்லாத இடத்தில், திம்பம் போன்ற யானை நடமாட்டமுள்ள காட்டுச் சாலையில் எப்படி நிறுத்துவது? நிறுத்தக் கூடாது. இன்ஜின் போனால் போகட்டும், வெளிச்சமும் மனிதரும் உள்ள இடம் வரை மெதுவாகப் போய்விட வேண்டும். உயிருக்கு முன் கிராங்க் கேஸ் ஒரு பொருட்டல்ல. ஆனால் பழைய வண்டியோடு அந்த நேரத்தில் அந்தச் சாலையில் இருக்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்றால், திட்டத்தில்தான் அதன் வேர் இருக்கும்.

உண்மையில் நான் இவ்வளவு நேரம் சொன்ன அறிகுறிகள் பெரும்பாலோருக்குத் தெரிந்தவைதான். தெரிந்தும் ஏன் நிறுத்துவதில்லை? அறையை முன்பதிவு செய்தாயிற்று. நண்பர்கள் முன்னால் போய்விட்டார்கள். பொழுது சாய்கிறது. நாளை காலை வேலைக்குப் போக வேண்டும். இத்தனையும் அழுத்தும்போது ஒரு புதுச் சத்தத்தைக் கேட்காததுபோல இருப்பது மனிதருக்கு எளிது. அதனால் நிறுத்தும் முடிவைச் சாலையில் எடுக்கலாம் என்று நம்பிக் கிளம்புவது தவறு. அதை வீட்டிலேயே எடுத்திருக்க வேண்டும். பயணத் திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விடுங்கள். வண்டியைக் குட்டியானை என்னும் சிறிய லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பணம் பையில் இருந்தால், ‘எப்படியாவது ஓட்டிப் போய்விடலாம்’ என்ற எண்ணத்துக்குப் பிடி குறைகிறது. குழுவாகப் போனால் பழைய வண்டி முன்னால் போக வேண்டும். வேகத்தை அது தீர்மானிக்கும். பின்னால் வருபவர் அதன் புகையைப் பார்க்கலாம், அது நின்றால் எல்லோரும் நிற்பார்கள். கடைசியில் வரும் பழைய வண்டி, முன்னால் போனவர்களைப் பிடிக்கும் அவசரத்திலேயே வீணாகிறது. பகலில் மட்டும் ஓட்டுவதும் இந்தக் கணக்கில் சேரும்.

‘இவ்வளவு பாடுபட வேண்டுமென்றால் புது வண்டியில் போகலாமே’ என்பவர்கள் சொல்வதில் தவறில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பயணத்துக்குப் புது வண்டிதான் சரி. நானும் அதையே சொல்வேன். ஆனால் ஓட்டாமல் மூடி வைத்த பழைய வண்டியும் சாகிறது. சீல் காய்கிறது, டேங்க் துருப்பிடிக்கிறது, பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகிறது. அப்பா வாங்கிய வண்டியை ஓடும் நிலையில் வைத்திருக்க விரும்புபவர் அதை ஓட்டித்தான் ஆக வேண்டும். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

நிறுத்தியபின் செய்வதிலும் நிறையக் கெடலாம். பிடித்துக்கொண்ட இன்ஜினில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பு விரிசல் விடும். கிக்கரை உதைக்காதீர்கள். சிலிண்டர் விசிறிகளில் கை வைக்க முடியும் அளவுக்கு ஆறட்டும். பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சில சொட்டு ஆயில் விட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பல சமயம் பிஸ்டன் விட்டுக்கொடுக்கும். விட்டதும் ஸ்டார்ட் செய்யும் ஆசை வரும். அதற்கு முன் பிளக் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே வெள்ளிப் பொடிபோல மினுமினுத்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அந்த வண்டி அங்கிருந்து லோடு வண்டியில்தான் போக வேண்டும். பொடி இல்லை, காரணமும் கையோடு தெரிந்துவிட்டது, உதாரணமாக ஆயில் டேங்க் காலி அல்லது பெட்ரோல் குழாய் மடிந்திருந்தது என்றால், சரிசெய்து பாதி ஆக்ஸிலரேட்டருக்கு மேல் போகாமல் பக்கத்து ஊர் வரை ஓட்டலாம். காரணம் தெரியாமல் ஓட்டக் கூடாது. புல்லட்டில் கீழ்ச் சத்தம் கேட்டிருந்தால் எந்த விதிவிலக்கும் இல்லை. ரயிலில் பார்சலாக அனுப்புவதென்றால் டேங்க்கைக் காலி செய்ய வேண்டும், ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் கேட்பார்கள். எந்தக் கியரில், என்ன வேகத்தில், எவ்வளவு நேரம் ஓடியபின், ஏற்றத்திலா இறக்கத்திலா நடந்தது, கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டீர்கள் என்பதை அங்கேயே போனில் குறித்துவிடுங்கள். மறுநாள் இதில் பாதி மறந்துபோகும்.

பட்டறையில் இந்தக் குறிப்பும் கழற்றிய பிஸ்டனும் சேர்ந்துதான் காரணத்தைச் சொல்லும். பிஸ்டனைச் சுற்றிலும் கோடு விழுந்திருந்தால் ஆயில் போகவில்லை. சைலன்சர் பக்கம் மட்டும் விழுந்திருந்தால் சூடு மிகுந்திருக்கிறது. காற்று மிகுந்த கலவையையும் மேக்னட் பக்கச் சீலையும் சந்தேகிக்கலாம். நான்கு மூலைபோல நான்கு இடத்தில் மட்டும் கீறல் இருந்தால் இடைவெளி குறைவு, அல்லது சூடேறும் முன்பே வண்டியை விரட்டியிருக்கிறார்கள். தலையில் ஓட்டை விழுந்திருந்தால் டைமிங்கையும் ஜெட்டையும் பார்க்க வேண்டும். வேலை மிகுந்த பட்டறைகளில் பிஸ்டன் நேராகக் கழிவுப் பெட்டிக்குப் போய்விடும், சிலிண்டர் லேத்துக்குப் போய்விடும். பிஸ்டனைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மெக்கானிக்கையும் உட்காரவைத்துக் காட்டி, எதனால் இப்படி ஆயிற்று என்று அவர் வாயால் ஒரு காரணம் சொல்லும்வரை போர் அடிக்க அனுப்பாதீர்கள். சீலையும் பம்பையும் ஜெட்டையும் அப்படியே விட்டுவிட்டு 0.25 கூட்டிப் போர் அடித்த சிலிண்டர், அடுத்த பயணத்தில் 0.50 கேட்கும்.